ஸக்கியாவின் முப்பது வீதம்

சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம்களில் ஒருத்தி ஸக்கியா. இறால் பதப்படுத்தும் தொழிற்சாலையில் ஓடு உரித்து உரித்து, பனிக்கட்டித் தண்ணீரில் விரல்நுனிகள் வெளுத்தது வெளுத்ததுதான். பிள்ளை கிடைக்கவில்லை. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் காசையே பிள்ளையாக நினைத்திருந்தாள். ஐம்பது வயதில் அது கைக்கு வரும். பிறகு எவரிடமும் கைநீட்டத் தேவையில்லை.

சண்டை ஓய்ந்து சில வருடங்கள் போனபின், வீடு கட்டுவதற்கென்றால் அதில் நூற்றுக்கு முப்பது வீதத்தை முன்கூட்டியே எடுக்கலாம் என்று, தொழிற்சாலைக் கந்தோரில் கணக்கெழுதும் சுஜாந்தி வந்து சொன்னாள்.

“முழுக்க எடுக்க ஏலாதா?” பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த றோசமேரி கேட்டாள்.

“கலியாணம் முடிக்கவெண்டு வேலைய விட்டா எடுக்கலாம்.”

“அப்ப ஸக்கியாக்கா, உங்கட மனிசனையே திரும்ப ஒருக்கா முடியுங்களன்.”

மேசை முழுக்கச் சிரித்தது. ஸக்கியாவும் சிரித்தாள். வீட்டில் போய்ச் சொன்னதுதான் வினையாயிற்று. கணவர் செய்னுலாப்தீன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

“ஊர்ல உன்ட வாப்பா சீதனமாத் தந்த வளவு காடாக் கிடக்கு. காணி உறுதியும் உன்ட பேர்ல. கட்டுவம் புள்ள.”

“நான் கிழவியானா ஆரு சோறு போடுற?”

“அல்லா போடுவான்.”

“அல்லா எனக்குக் கையத் தந்தான். அந்தக் கையால சேத்தது இது.”

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். “நான் அகதியா மௌத்தாகக் கூடாது, ஸக்கியா” என்றார் பிறகு.

மறுநாள் சுஜாந்தியிடம் படிவம் வாங்கினாள். கையெழுத்து வைத்தாள்.

மன்னாரில் சுவர் எழும்பியது. யன்னல் நிலைகளும் வைத்தாயிற்று. கூரை மட்டத்தில் காசு தீர்ந்தது. கூரைக்குச் சேர்க்கிறேன் என்று சைக்கிளில் மீன் கட்டி விற்கப் போனவர், ஒருநாள் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். புத்தளத்துத் தகரக் கொட்டிலுக்குள்ளேயே உயிர் போயிற்று.

அவருடைய தம்பி இன்சாப் திரைச்சீலைக்கு அப்பால் நின்று அண்ணன் மனைவியிடம் கேட்டான். “மச்சி, மையத்தக் கனநேரம் வச்சுச் சுணக்க ஏலாது. இஞ்ச அடக்குறதா, ஊருக்குக் கொண்டுபோறதா?”

கணவன் கண்மூடும்போது எந்த வீட்டில் குடியிருந்தாளோ, அந்த வீட்டில்தான் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகம் பாராமல் இத்தா இருக்கவேண்டும். ஊருக்கு அனுப்பினால் அவர் மட்டும் போய்ச்சேருவார். அவளுக்கு இந்தத் தகரம்தான். இத்தா முடிந்தாலும், மீதிக் காசு கைக்கு வரும்வரை இந்தக் கரையில் இறால் உரிக்கத்தான் வேண்டும். இங்கே அடக்கினாலோ, கபுறடி கூப்பிடு தூரத்தில் இருக்கும்.

திரைச்சீலை அசையாமல் தொங்கியது.

“கொண்டுபோங்க” என்றாள்.

மறுநாள் இன்சாப் திரும்பிவந்து அதே இடத்தில் நின்றான்.

“பள்ளிவாசலுக்குக் கொண்டுபோக முந்தி நம்மட புதுவீட்டுக்குள்ள கொஞ்சநேரம் வச்சம், மச்சி. சனமெல்லாம் வந்து முகம் பாத்தாங்க. மேலால நல்ல வெயில். நாலுபேர் சீலையொண்ட விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிண்டம்.”

திரைச்சீலைக்குள்ளிருந்து அவள் கேட்டாள்:

“எந்த அறையில வச்ச?”

“முன்னறையில.”

“அதுலதான் காத்து வரும்” என்றாள் ஸக்கியா.