வயிற்றில் கிடந்த வாழைப்பூ

மதினி, நீங்கள் பொய் சொன்னீர்கள். என் கணவரின் சோற்றில் நான் மருந்து வைத்தேன் என்றீர்கள். அது பொய் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. உங்கள் தம்பியான என் கணவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வயலிலிருந்து வந்தால் கோப்பை நிறையத் தின்கிற மனிதர், நாலு பிடியோடு கையைக் கழுவத் தொடங்கினார். வயிறு நிரம்பிவிட்டது என்பார். ஏப்பம் அழுகிய முட்டை போல நாறும். பிறகு சத்தி. காலையில் தின்றது பின்னேரம் அப்படியே வெளியே வரும். கழுவியது நான்.

நம் ஊர்களில் ஆண் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வருகிறான். அவன் மெலிந்தால் எல்லோர் கண்ணும் பெண் வீட்டு அடுப்பில். கணவனைக் கைக்குள் வைத்திருக்க மனைவி தலைமயிரைக் கருக்கிச் சோற்றில் கலந்துவிட்டாள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நீங்களும் சொன்னீர்கள். பாலமுனைப் பக்கத்திலிருந்து நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு பரிசாரியையும் கூட்டிவந்தீர்கள்.

அவர் கொடுத்த கசாயத்தில் என் கணவர் பேசின் நிறையச் சத்தி எடுத்தார். அதற்குள் கறுத்த நார்க்கட்டி ஒன்று கிடந்தது. பரிசாரி அதை ஈர்க்கால் தூக்கிக் காட்டினார். தலைமயிர் என்றார்.

"அது மயிரில்ல. நேத்துப் பகல் நான் ஆக்கின வாழைப்பூச் சுண்டல்" என்றேன்.

சீனிக்கு நல்லது என்று கேள்விப்பட்டுத் தேடி வாங்கிச் சமைத்தது அது. நீங்கள் சிரித்தீர்கள்.

"நேத்துப் பகல் திண்டது இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் வயித்துக்குள்ள குந்திக்கிட்டா இரிக்கும்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு புள்ள."

வளவில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அது வாழைப்பூ என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நாள் முழுக்க அது ஏன் வயிற்றில் கிடந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றே அவரை மருதமுனையில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். அவரும் ஒரு சொல் சொல்லாமல் போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்த கிழமை ஒரு கல்யாண வீடு. சகன் என்கிற பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பெண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நீங்கள் எனக்குப் பின்னால் வந்து நின்றீர்கள்.

"அவள்ட கை பட்ட சகன்ல வாய் வைக்காதீங்க."

ஐந்து பேரும் கையை எடுத்துக்கொண்டு எழும்பினார்கள். ஆறு பேருடைய சோற்றுக்கு முன்னால் நான் தனியாக இருந்தேன். எழும்பவில்லை. முடிந்தவரைக்கும் தின்றேன்.

பதினெட்டாம் நாள் உங்கள் வீட்டில் ஊசி போட்டு, சாப்பிட்டு, கொஞ்ச நேரத்தில் அவர் வியர்த்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். கட்டிலின் கால்மாட்டில் நீங்கள் நின்றீர்கள். சாப்பாடு எப்படி என்று டொக்டர் கேட்டார்.

"ராத்தாட வீட்டயும் இப்படித்தான் சேர். ஒவ்வொரு நாளும் சத்தி" என்றார் என் கணவர். அக்காவான உங்களை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்.

நீங்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டீர்கள்.

டொக்டர் நம் இருவருக்கும்தான் விளக்கினார். பல வருடச் சீனி வயிற்றின் நரம்பைக் கெடுத்துவிடும், வயிறு சாப்பாட்டைக் கீழே தள்ளாது, நேற்றுத் தின்றது இன்றும் கிடக்கும். சாப்பாடு உடம்பில் சேருமுன் ஊசி சீனியை இறக்கிவிடும், அதனால்தான் விழுந்தார் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குழைவாகக் கொடுக்க வேண்டும், நார் உள்ளது ஆகாது என்றார். அப்படியென்றால் வாழைப்பூ கொடுத்தது என் பிழை. தெரியாமல் செய்தேன். அதை இந்தக் கடிதத்தில் எல்லோரும் படிக்க எழுதிவிட்டேன். நீங்கள்?

அவர் என் வீட்டுக்கே திரும்பி வந்தார். மேலும் ஆறு வருடம் சின்னக் கிண்ணத்தில் குழைந்த சோறு தின்றார். சத்தி குறைந்தது, நிற்கவில்லை. அவர் இறந்த அன்று மையித்து வீட்டில் என்னைக் கட்டிப் பிடித்து அழுதீர்கள். அப்போதும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஊரில் இன்றும் சில பேர் நான் கொடுக்கும் தேத்தண்ணியைத் தொடுவதில்லை.

இப்போது உங்கள் பேத்தியின் கல்யாணத்துக்கு எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். வருவேன். அன்று கையை எடுத்த ஐவரில் மூவர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் வருவார்கள். சகன் வைத்ததும், யாரும் கை வைக்குமுன், அவர்கள் முன்னால் பதில் சொல்லுங்கள். உங்கள் கையால் ஆக்கிய சோற்றை என் கணவர் பதினெட்டு நாளும் சத்தி எடுத்தாரா, இல்லையா?