நர்சம்மாவுக்குக் கேதம் கேட்ட அழகி

நான் முப்பத்தாறு வருஷம் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். பெயர் சேக் பரீது. எந்த யூனியன் என்று மட்டும் சொல்ல மாட்டேன், பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆபீசைத் தணிக்கை செய்ய எத்தனையோ பேர் வந்தார்கள். கோழிக் குழம்பு சாப்பிட்டார்கள், பச்சை மையில் டிக் அடித்தார்கள், போனார்கள். ஒழுங்காகத் தணிக்கை செய்தவள் ஒருத்திதான். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பெயர் அழகி.

செம்மனேந்தல் என்ற சின்ன ஊர் அவளுடையது. கடலைக்காடு கொஞ்சம், கறவை மாடு ஒன்று, முத்துக்கருப்பன் என்று ஒரு கணவர். அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அழகியே பேசிவிடுவாள். ஒப்பாரி வைப்பதில் சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு இணை கிடையாது. கூலிக்கு அழுகிறவள் அல்ல. சொந்தபந்தத்தில் சாவு விழுந்தால் துக்கம் விசாரிக்கப் போவாள்; எங்கள் பக்கத்தில் அதைக் கேதம் கேட்பது என்போம். செத்தவரின் பெருமையைப் பாடிக்கொண்டே, அவர் விடாமல் மறித்த வாய்க்கால் தண்ணீரையும் திருப்பித் தராத பித்தளை அண்டாவையும் அதே ராகத்தில் சேர்த்துவிடுவாள். அழுகிறவளை யார் எதிர்த்துப் பேச முடியும்? உயிரோடு இருந்த பெரிய மனிதர்கள் சிலர் அவளைக் கண்டதும் வேறு தெருவில் திரும்பியதற்கு இதுதான் காரணம்.

அறுபத்தாறில் செம்மனேந்தலில் யூனியன் ஒரு பிரசவ விடுதி கட்டியது. ஓட்டுக் கட்டடம், இரண்டு கட்டில், திறந்துவைத்தவர் பெயரை வெட்டிய ஒரு கல். கல்தான் கட்டடத்தைவிடக் கெட்டியாக இருந்தது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து எஸ்தர் என்ற நர்சம்மா வந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் எல்லாம் நல்லபடியாக நடந்தது. பிறகு ஞானசம்பந்தம் என்பவர் எங்களுக்கு பி.டி.ஓ.வாக வந்தார். அவருடைய மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். உடனே நர்சம்மா பெட்டி படுக்கையோடு காரைக்குடியில் அதிகாரி குடியிருந்த வீட்டுக்கு வரவழைக்கப்பட்டார். விடுதியில் பூட்டுத் தொங்கியது.

வருகைப் பதிவேட்டில் மட்டும் நர்சம்மா ஒரு நாள் தவறாமல் செம்மனேந்தலுக்கு வேலைக்கு வந்தார். அந்தக் கையெழுத்துகளைப் போட்டவன் நான். பி.டி.ஓ. போடச் சொன்னார், போட்டேன். ஒன்றரை வருஷம் போட்டதில் நர்சம்மாவின் கையெழுத்து அவரைவிட எனக்கு நன்றாக வந்தது. வெட்கக்கேடுதான்.

இதற்கு நடுவில் அழகியின் மகள் வீரலட்சுமி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வலி எடுத்தது. பூட்டைப் பார்த்துவிட்டு மாட்டுவண்டி கட்டினார்கள். காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் வண்டியிலேயே பிள்ளை பிறந்தது, அழவில்லை. தாய் பிழைத்தாள்.

அறுபத்தொன்பது ஆடியில் அழகி எங்கள் ஆபீசுக்கு வந்தாள். வீரலட்சுமிக்கு மறுபடி ஏழு மாசம்.

"பாய், எங்க ஊரு நர்சம்மா எப்ப வருவாக?"

"தெனமும் வாராகளே. ரிஜிஸ்டர்ல இருக்கேம்மா."

"ரிஜிஸ்டருக்கு வாராக, சரி. எங்க ஊருக்கு?"

நான் ஒரு பைலைத் திறந்து மும்முரமாகப் படித்தேன். அது தெரு நாய்களுக்கு ஊசி போடுவது பற்றிய பைல்.

"அவுகளால முடியலைன்னா வேற ஆளப் போடுங்க பாய்."

"அந்த எடத்துல ஆளு இருக்கும்மா. இருக்கையில எப்புடி இன்னொரு ஆளப் போடுறது? அவுகளுக்கு மாத்தல் வரணும், இல்ல ரிடையர் ஆகணும், அதுவும் இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"மண்டையப் போடணும்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "செத்துப்போனா எம்புட்டு நாள்ல ஆளு போடுவீக?"

"ஒரு மாசத்துல போட்டுருவாக."

விரல் விட்டு எண்ணினாள். "அப்பச் சரி. எம் மகளுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு," என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் நான் பி.டி.ஓ. வீட்டில் இருந்தேன். அவர் பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஆபீசுக்கு வருகிற வழக்கமில்லை. பைல்கள்தான் அவரைத் தேடிப் போகும். ஞானசம்பந்தம் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். தெருக்கோடியில் கூட்டமாக அழுகைச் சத்தம் கேட்டது. யார் வீட்டுக்கோ என்று நினைத்தோம். சத்தம் எங்கள் வாசலில் வந்து நின்றது.

பன்னிரண்டு பெண்கள். எல்லாரும் கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கீழச்சிவல்பட்டி வழியாக வரும் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். முன்னால் அழகி, கையில் ஒரு சம்பங்கி மாலை.

"வாங்கம்மா வாங்க, என்ன விஷயம்?" என்றார் பி.டி.ஓ.

பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் கேதத்துக்கு வந்தவர்களை 'வாங்க' என்று கூப்பிடக் கூடாது. திரும்பும்போது அவர்களும் 'போயிட்டு வாரோம்' என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருவதாக அர்த்தம். வந்தவர்களைத் துரத்தவும் கூடாது. துரத்திய வீட்டுப் படியை அப்புறம் நல்லது கெட்டதுக்கு யாரும் மிதிக்க மாட்டார்கள்.

"கேதம் கேக்க வந்தவகள வாங்கன்னா கூப்புடுவாக?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

சத்தம் கேட்டு வெளியே வந்த பி.டி.ஓ.வின் மனைவியை அழகி ஒரே தாவலில் கட்டிக்கொண்டு கதறினாள். அந்த அம்மாள் இளகிய மனசுக்காரர். யார் செத்தார்கள் என்று தெரியாமலே அவரும் அழ ஆரம்பித்துவிட்டார். பெண்கள் வாசலில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். அழகி எடுத்துக் கொடுத்தாள்:

"ஊசி போட வந்த கண்ணே – ஒன்ன
ஊருக்குள்ள காணலையே!
பூட்டுத் தொங்குதடி – ஒன்
புள்ளப்பேறு வீட்டுலதான்!
வெள்ளாடு குட்டி போட – அங்க
விசாலமா எடமிருக்கு,
பொம்பள புள்ள பெற – ஒரு
பொட்டு எடம் இல்லையடி!
மாசம் பொறந்ததுமே – ஒனக்கு
மறக்காமச் சம்பளமாம்,
மேலோகம் போற பஸ்ஸு – அத
மேல கொண்டு சேக்குதாமா?"

எதிர் வீட்டு ஆச்சி தெருவைத் தாண்டி ஓடி வந்தார். "யாரு போயிட்டது? பெரியம்மாவா?" என்று பி.டி.ஓ.வின் மாமியாரை நினைத்துக் கேட்டார். பத்தே நிமிஷத்தில் தெரு நிறைந்துவிட்டது. ஒருவர் உட்கார விசுப்பலகை கொண்டுவந்து போட்டார். இன்னொருவர் பானையில் தண்ணீர் வைத்தார். காரைக்குடிக்காரர்கள் இந்த விஷயத்தில் குறை வைக்க மாட்டார்கள்.

பி.டி.ஓ.வின் முகத்தில் நுரை காய்ந்துபோயிருந்தது. "யாரு செத்தது? யாரம்மா செத்தது?" என்று கத்தினார்.

அழகி மூக்கைச் சிந்திவிட்டுப் பணிவாகச் சொன்னாள்: "எங்க ஊரு நர்சம்மாதாங்க. ஒன்றரை வருசமாக் கண்ணுல படலை. உசுரோட இருக்கிறவக வேலைக்கு வராம இருப்பாகளா? அவுகளுக்கு இங்குட்டுச் சொந்தக்காரவுக யாரும் இல்ல. வேலை போட்டுக் குடுத்த நீகதான் சொந்தம். அதான் ஒங்ககிட்டக் கேதம் கேக்க வந்தோம்."

"யாரு சொன்னா செத்துட்டாங்கன்னு? நல்லாத்தான் இருக்காங்க!"

சொன்ன பிறகுதான் அவருக்குத் தன் வாயே பறித்த குழி தெரிந்தது. "அப்ப எங்க இருக்காக?" என்று பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

நேரம் பார்த்துத்தானா என்று தெரியவில்லை, உள்ளேயிருந்து நர்சம்மா வந்தார். இடது கையில் தைலக் கிண்ணம். முழங்கை வரை எண்ணெய். மாமியாருக்கு இடுப்பு நீவிவிட்டுக்கொண்டிருந்தவர், இழவுச் சத்தம் பொறுக்காமல் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஆத்தாடி, எந்திரிச்சு வந்துட்டாக!" என்றாள் அழகி. "பொய்க் கேதம் கேட்டா ஆயுசு கெட்டி நர்சம்மா. நூறு வயசு ஒங்களுக்கு." கொண்டுவந்த மாலையை அவர் கழுத்திலேயே போட்டாள். தெரு மொத்தமும் சிரித்தது. எதிர் வீட்டு ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தார், பி.டி.ஓ.வைப் பார்த்தார். "ஊருப் புள்ளதாச்சிகளுக்கு வந்தவளையா வீட்டு வேலைக்கு வச்சிருக்கீக?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கலெக்டர் மெமோ கொடுத்திருந்தால்கூட பி.டி.ஓ.வின் முகம் அப்படி வெளுத்திருக்காது.

நர்சம்மா அழுதார். அது ஒப்பாரி இல்லை. "நானா வந்தேன்? வரலைன்னா வேலை போயிடும்னு சொன்னாங்க. வீரலட்சுமி பிள்ளை செத்துப்போன சேதி எனக்கு அஞ்சு மாசம் கழிச்சுத்தான் தெரியும். அன்னைக்கிருந்து எனக்குத் தூக்கமே இல்ல," என்றார். அழகி அப்போதுதான் நிஜமாக அழுதாள். நான் பைல்களை மார்போடு அணைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

பதினொன்றரை பஸ்ஸுக்கு நர்சம்மா பெட்டியோடு கிளம்பினார். பி.டி.ஓ. தடுக்கவில்லை, தெரு பார்த்துக்கொண்டிருந்தது. வாசல்படி இறங்கிய அழகி திரும்பினாள்.

"கேதம்னா சொல்லாமப் போகணும் சார். இப்பத்தான் கேதமே இல்லைன்னு ஆயிருச்சே. அதுனால சொல்லிக்கிட்டே போறோம். போயிட்டு வாரோம்!"

பன்னிரண்டு பேரும் ஒவ்வொருத்தியாகக் கும்பிட்டு, "போயிட்டு வாரோம் சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அவர் ஒன்பதரைக்கே ஆபீசுக்கு வர ஆரம்பித்தார். நாலு மாதத்தில் மாற்றல் ஆனது. உத்தரவில் 'நிர்வாக நலன் கருதி' என்று இருந்தது. யாருடைய நலன் என்று அரசாங்கம் என்றைக்கும் விளக்குவதில்லை.

புரட்டாசிக் கடைசியில் செம்மனேந்தல் விடுதியில் வீரலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிக்கலான பிரசவம், கொடி சுற்றியிருந்ததாம். நர்சம்மா இல்லாவிட்டால் இதுவும் போயிருக்கும். அழகி ஒரு தூக்குவாளி நிறையச் சீனி எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். பியூன் பெத்தனில் தொடங்கி மேனேஜர் வரை மேசை மேசையாகக் கொடுத்தாள். எல்லாரும் சந்தோஷமாக வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். கடைசியாக என் மேசைக்கு வந்தாள். நான் கையை நீட்டினேன்.

"அந்தக் கை வேணாம் பாய்," என்றாள் மெதுவாக. "நர்சம்மா வந்ததா எழுதுன கையி அதுதானாமே. அவுக பஸ்ஸுல சொன்னாக. அங்குட்டுக் கைய நீட்டுங்க."

இடக் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். ஆபீஸ் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடக் கையை நீட்டினேன். ஒரு குத்துச் சீனி போட்டாள். பிறகு வாளிக்குள் கைவிட்டு இன்னொரு குத்தும் எடுத்துப் போட்டாள்.

"எதுக்கும்மா இவ்வளவு?" என்றேன்.

"மொதப் புள்ளைக்கு யாருக்கும் குடுக்க முடியலைல்ல பாய். அதுக்கும் சேத்து நீங்க சாப்புடுங்க."

விரலிடுக்கில் சீனி உதிர்ந்து பதிவேட்டின் மேல் விழுந்தது. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இடக் கையாலேயே அள்ளி முழுவதையும் தின்றேன்.