பல்லைக் கடித்த மாடும் நானும்

சித்தூர்ல பல் டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை என் வாய்க்குள்ள விட்டுப் பாத்துட்டு, "நிங்களுக்குக் கோபம் கூடுதலா?"ன்னு கேட்டாங்க. எங்க எல்லைப் பக்கத்து மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. நானா கோவக்காரி? கல்யாணமாகிப் பதினோரு வருசமா இந்த ஊட்டுல ஒரு சொல்லு எதுத்துப் பேசினதில்லைங்க.

தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கறேன்னு ஊட்டுக்காரர் சொல்லிட்டே இருப்பார். காலையில தாடை வலி உசுரு போகும், ஒரு முறுக்கைக் கடிக்க முடியாது. டாக்டரம்மா பொம்மைப் பல்செட்டு ஒண்ணைத் திறந்து காட்டினாங்க. கடவாப்பல்லோட தலையில சின்னச் சின்ன மேடு. எதுத்த பல்லுல அதுக்குத் தகுந்த குழி. மேடு குழியில உக்காந்து பக்கவாட்டுல இழுத்தாத்தான் சோறு அரைபடுமாம். எனக்கு மேடெல்லாம் தேஞ்சு மொழுமொழுன்னு ஆயிருச்சு, கொத்து போன ஆட்டுக்கல்லு மாதிரி. அப்புறம் அவங்க சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. வாய் மூடியிருந்தாலும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாதாம். மெல்லும்போதும் முழுங்கும்போதும் தொட்டாப் போதுமாம். அட சாமி! வாயை மூடறதுன்னாலே பல்லை இறுக்கறதுதான்னு இத்தனை நாள் இருந்துட்டேன்.

"பகல்லயும் கடிக்கறீங்க. எப்போன்னு பாருங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க.

பாத்தேன். பால் கறக்கறப்பக் கடிக்கறதில்லை. மாமியார் கூப்புட்டாக் கடிக்கறேன். அத்தை வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சதுல இருந்து கட்டில்லதான், எல்லாத்துக்கும் நாந்தான். அந்த வாரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இருந்து போன். கல்யாணத்துக்கு முந்தி ரெண்டு வருசம் நான் பாடம் எடுத்த இடம். தமிழ் மீடியத்துக்கு டெய்லி வேஜ் டீச்சர் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கன்னாங்க ஹெட்மிஸ்ட்ரஸ். எனக்குப் போகணும்னு அடிச்சுக்குது. ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னா, "அம்மாவ யாரு பாக்கறது?"ன்னார். அது கேள்வியே இல்லைங்க. அந்த நிமிசம் கடவாப்பல்லு ரெண்டு பக்கமும் போய் ஒட்டிக்கிச்சு.

அத்தைக்கு டாக்டர் பேச்செல்லாம் ஆகாது. "பல்லக் கடிச்சா வயித்துல பூச்சிதான்"னு வேப்பங்கொழுந்து திங்கச் சொன்னாங்க. நானே பறிச்சு, நானே அரைச்சு, நானே முழுங்கினேன். மூணு நாள்! என்னத்தைச் சொல்ல.

வெள்ளிக்கிழமை காலையில கட்டுத்தறியில கறுப்பு மாடு பல்லை நறநறன்னு கடிச்சுது. மாமனார் காப்பித் தம்ளரை அப்படியே வெச்சுட்டு ஓடினார். பல்லைப் பாத்தே மாட்டுக்கு வயசு சொல்றவர், வேலந்தாவளம் சந்தையில அவர் சொன்னாச் சொன்னதுதான். மாட்டு வயித்துல காதை வெச்சுக் கேட்டார். "மாடு சும்மா பல்லக் கடிக்காது. எங்கியோ நோவுது. பாவம், வேற எப்புடிச் சொல்லும்?"னு உடனே மாட்டு டாக்டரைக் கூப்புட்டார். பத்து மணிக்கெல்லாம் டாக்டர் வந்து ஊசி போட்டு வயித்துக்கு மருந்தும் ஊத்திட்டுப் போனார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ! சாணிக் கையோட நின்னுட்டு, "ஏனுங் மாமா, மாடு பல்லக் கடிச்சா நோவு, நாங் கடிச்சாப் பூச்சியாங்க?"ன்னு கேட்டே போட்டேன்.

மாமா திரும்பினார். சத்தியமாச் சொல்றேன், அவர் என் மூஞ்சியை அத்தனை நேரம் பாத்தது அன்னைக்குத்தான். கோவிச்சுக்கலை. "ஏனம்மிணி, உனக்கு எங்க நோவுது?"ன்னார், மெதுவா.

இந்த ஊட்டுல யாரும் கேக்காத கேள்வி. பள்ளிக்கூடம்னு ஒத்தைச் சொல்லு, அவ்வளவுதான் சொல்லணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. உள்ள கட்டில்ல இருந்து அத்தை கூப்புட்டாங்க.

"பல்லுலதானுங் மாமா"ன்னேன்.

"அப்ப இன்னொருக்கா டாக்டர்கிட்டப் போயிட்டு வா"ன்னுட்டு அவர் மாட்டுப் பக்கம் போயிட்டார்.

சாயங்காலம் ஹெட்மிஸ்ட்ரஸ் ரெண்டு தடவை கூப்புட்டாங்க. போன் என் கையிலதான் இருந்துச்சு. எடுத்தா வாயைத் திறக்கணுமே. எடுக்கலைங்க.