ஆரோக்கியம் இரண்டாம் முறையாக இறந்தார்

மயிலாப்பூர் ஆரோக்கியம் காலமான செய்தி வந்தபோது நான் பாண்டி பஜாரில் ஒரு ஜோடி செருப்புக்காக உலகப் போர் நடத்திக்கொண்டிருந்தேன். போனில் அவருடைய மகள் ஸ்டெல்லா.

"அங்கிள், அப்பா போயிட்டாரு."

"இந்த வாட்டி யாரும்மா பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தது?" என்றேன்.

அந்தப் பெண் போனை வைத்துவிட்டது. என்னைக் கல்நெஞ்சன் என்று நீங்கள் முடிவு கட்டுமுன், அன்னாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பழைய மருத்துவக் கருவிகளை வாங்கி விற்றவர் அவர். சந்துக்குள் ஒற்றை அறைக் கடை. எலும்பறுக்கும் ரம்பம், பல் பிடுங்கும் குறடு, பித்தளை ஊசிக்குழாய் என்று அங்கிருந்த சரக்கை வைத்து ஒரு படையையே அறுத்துத் தைத்து அனுப்பலாம். குறடுகள் எல்லாம் மகாராஜாக்களின் வாய்க்குள் போய் வந்தவை என்பார். அவர் கணக்குப்படி ஒவ்வொரு மகாராஜாவுக்கும் நானூறு பல்லாவது இருந்திருக்க வேண்டும்.

துணைக்கண்டத்தின் தலைசிறந்த சந்தேகப் பிராணியாகிய நான் அவரிடம் வாங்கியது ஒரு மரக்குழல். அந்தக் காலத்து டாக்டர்கள் நோயாளியின் நெஞ்சில் ஒரு முனையையும் தங்கள் காதில் மறுமுனையையும் வைத்துக் கேட்டது. மறுநாளே திரும்பப் போய் நின்றேன்.

"இன்னாய்யா இது? மேஜை மேல வெச்சாலும் லப்டப்னு கேக்குது! மேஜைக்கு உசுரு கீதா?"

"மேஜைக்கு இல்ல நைனா, உனக்குக் கீது. காதை அழுத்தி வெச்சா உன் நாடிதான் உனக்குக் கேக்கும். அது சரக்கோட குத்தமில்ல, நீ உசுரோட கீற குத்தம்."

நான் நம்பவில்லை. குழலைக் குலுக்கினேன், மோந்தேன், ஈர்க்குச்சி விட்டுக் குடைந்தேன்.

பிறகு அந்த ரம்ப விவகாரம். தந்தக் கைப்பிடி என்று நம்பி வாங்கிய கே.கே. நகர் டாக்டர் ஒருவர், அது பிளாஸ்டிக் என்று கண்டுபிடித்துத் திரும்பி வந்தார். அன்று நானும் கடையில் இருந்தேன். கார் நின்ற கணமே ஆரோக்கியம் பெஞ்சில் நீட்டிப் படுத்து மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டார். "அழுய்யா!" என்று என் முழங்காலில் ஓர் உதை. வலியில் நிஜமாகவே அழுதேன். டாக்டர் கைகூப்பி, ரம்பத்தைக் காலடியில் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனார்.

பஞ்சை எடுக்காமலே ஆரோக்கியம் சொன்னார்: "பாத்தியா, டாக்டரே நம்பிட்டாரு. நீ மட்டும் ஒரு நாளும் என்னை நம்ப மாட்டே."

ஆகவே ஸ்டெல்லா போனை வைத்ததும் வீட்டுக்குப் போய், மரக்குழலை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவர் வீட்டில் கண்ணாடிப் பெட்டி, ஜெபம், அழுகை. எல்லாமே ஏற்பாடு போலத்தான் பட்டது. மூக்கில் அதே பஞ்சு. உதட்டோரம் அதே திருட்டுச் சிரிப்பு. மாதா கோயிலுக்கு எடுத்துப் போக மூடியைத் திறந்ததும், ஊரே பார்க்கக் குனிந்து குழலை அவர் சட்டை மேல் வைத்தேன். காதை அழுத்தினேன்.

லப்டப். லப்டப்.

"இருக்காருய்யா! நான் சொல்லல?" என்று கத்தினேன்.

ஜெபம் நின்றுவிட்டது. ஸ்டெல்லா என் தோளைத் தொட்டாள்.

"அங்கிள், அது உங்க நாடி. அப்பா எத்தன வாட்டி சொல்லியிருப்பாரு?"

ஆரோக்கியம், உங்கள் சரக்கில் ஒன்றாவது அசல் என்று ஒப்புக்கொள்கிறேன். குழலைப் பைக்குள் வைத்துவிட்டு, உங்கள் காலருகே நின்றேன். இந்த முறை நீங்கள் உதைக்கவில்லை. அப்படியும் அழுதேன். போய் வாருங்கள்.