அந்தச் சுருக்கத்தில் கை வைக்காதீர்கள்!

போன சனிக்கிழமை ஒரு மலை பிறந்ததைப் பார்த்தேன். சத்தியமாக! குன்றத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், மீன் தொட்டிக்குள்.

அறிவியல் கண்காட்சி. நான் சிறப்பு விருந்தினர். பத்தி எழுதுகிறவனுக்கு அறிவியல் தெரியுமா என்று யார் கேட்கிறார்கள்? சால்வையைப் போர்த்திவிட்டார்கள்.

சயின்ஸ் டீச்சர் மேரிதான் பாவம், படபடப்பாக இருந்தார். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது. லேப்பைக் காலி செய்து அங்கே வைக்கலாம் என்பது தலைமையாசிரியையின் யோசனை. "அந்த ரூம்ல அப்படி என்னதான் நடக்குது? கண்காட்சியில காட்டுங்க, பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்று சொல்லியிருந்தாராம்.

மேரி காட்டியது இதுதான். நீளமான மீன் தொட்டியில் மணல் ஓர் அடுக்கு, கலர் கோலமாவு ஓர் அடுக்கு. ஒரு முனையில் பலகை. அதைத் தள்ள, படுக்கப் போட்ட கார் ஜாக்கி! ஜாக்கியைச் சுற்ற அவர் கணவர் செல்வம். ஒரகடத்தில் கார் கதவு தயாரிக்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. தகட்டில் சின்னச் சுருக்கம் தெரிந்தாலும் லைனையே நிறுத்திவிடுகிற ஆள்.

"நம்ம இந்தியா வடக்கால நகந்து ஆசியாவ முட்டிக்கிட்டே இருக்கு. நகம் வளர்ற ஸ்பீடுதான். இங்க மணல்தான் இந்தியா, பலகை ஆசியா. யாரு தள்ளுனாலும் முட்டல் ஒண்ணுதான்" என்று ஆரம்பித்தார் மேரி.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்படியென்றால் தண்டலம், வல்லம் வடகால், கம்பெனி பஸ், ஷிஃப்ட் முடிந்து அதில் தூங்குகிறவர்கள் — எல்லோருமா வடக்கே போய்க்கொண்டிருக்கிறோம்?

செல்வம் சுற்றினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம்... தலைமையாசிரியை வாட்சைப் பார்த்தார். சட்டென்று, பலகையை ஒட்டிய ஓரத்தில் கோலமாவுக் கோடு வளைந்து எழும்பியது!

"அய்யய்யோ, சுருக்கம் வுழுந்துடுச்சி! ரிஜெக்ட்டு!"

செல்வம் கைப்பிடியை விட்டுவிட்டு, மேட்டைச் சமன் செய்யத் தொட்டிக்குள் கையை நீட்டினார். பட்டிருந்தால் அவ்வளவுதான், அடுக்கெல்லாம் கலந்து போயிருக்கும். மேரி பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"யோவ்! அந்தச் சுருக்கந்தான்யா இமயமலை!"

"இன்னாம்மா சொல்ற? அப்ப லைன நிறுத்தக் கூடாதா?"

"சுத்துய்யா!"

சுற்றினார். ஒரு மடிப்பு... அதற்கு முன்னால் இன்னொன்று. ஓர் அடுக்கு உடைந்து அடுத்ததன் மேலேயே ஏறிக்கொண்டது. தொட்டியின் மறுகோடியோ எதுவும் நடக்காததுபோல் மட்டமாகக் கிடந்தது. அதுதான் நம்ம ஊராம்!

முட்டிக்கொள்கிற ஓரம்தான் கசங்குகிறது. கசங்குகிற இடம்தான் உயர்கிறது. கடலடிச் சிப்பி மலையுச்சியில் கிடைப்பதும் இப்படித்தானாம். நாமோ, வீடோ ஆபீஸோ, லேசாக முட்டிக்கொண்டாலே இஸ்திரிப் பெட்டியைத் தேடுகிறோம்.

"கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தவர் தலைமையாசிரியை. "செல்வம், அந்தக் கைப்பிடிய இப்படிக் குடுங்க!"

பலகை இனி நகராது என்கிற வரை சுற்றினார். முகமெல்லாம் சிரிப்பு. "இத லேப்ப விட்டு யாரும் அசைக்கக் கூடாது" என்றார். மேரி அழுதேவிட்டார். நான் பலமாகக் கைதட்டினேன்... விசிலும் அடித்திருப்பேன், சால்வை தடுத்துவிட்டது.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் வந்து இறங்கியது, தலைமையாசிரியையின் அறையில். அவர் இப்போது வராந்தாவில் உட்காருகிறார்.