பால்பேடா கேட்டவர்

என் கணவருக்கு இனிப்பு ஆகாது. சர்க்கரை வியாதியெல்லாம் இல்லை, பிடிக்காது, அவ்வளவுதான். தீபாவளிக்கு நான் மெனக்கெட்டுச் சுடுகிற அதிரசத்தைக்கூட ஓரத்தில் ஒரு கிள்ளு கிள்ளி, நன்றாயிருக்கிறது என்று பேருக்குச் சொல்லிவிட்டு மிக்சர் டப்பாவைத் தேடுகிற ஆள். அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பால்பேடா கேட்டார் என்று நர்ஸ் வந்து சொன்னபோது நான் என்ன நினைப்பது?

எண்பதுகளின் கடைசி அது. ஏரியூர்ப் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். அவர் அஞ்செட்டிப் பக்கத்துக் கன்னடக்காரர். எங்களுடையது இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். மாலையும் கழுத்துமாக அவர் ஊருக்குப் போய் இறங்கினோம். வாசலில் நின்ற மாமனார் என்னைக் காட்டி அவரிடம், "யாரிவளு?" என்று கேட்டார். கன்னடம் தெரியாத எனக்கே அது புரிந்தது. பதில் சொல்ல வேண்டியவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாமியார் சொம்பில் தண்ணீரோடு வந்தார். மாமனார் ஒரே ஒரு சொல் சொன்னார், சொம்பு அப்படியே உள்ளே திரும்பிப் போனது. நாங்களும் வந்த பஸ்ஸிலேயே திரும்பினோம்.

பஸ்ஸில் அவர்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னார். இனிமேல் நம் வீட்டில் தமிழ்தான் என்றும் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சில்லறை எண்ணும்போது மட்டும் உதடு கன்னடத்தில் அசையும், மற்றபடி எல்லாம் தமிழ். ஆனால் எனக்கு ஆறவில்லை. சண்டை என்று வந்துவிட்டால் நேராக அந்த வாசலில் போய்த்தான் நிற்பேன். அன்றைக்கு உங்கள் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது என்பேன். மனுஷன் பேச்சை மாற்றிவிடுவார்.

ரத்தக்கொதிப்பு மாத்திரையைச் சாப்பிடச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை வரவில்லை. பிறகு அவரே சரிந்தார். தர்மபுரியில் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். என் வீட்டு ஆட்களில் தம்பி ஒருவன்தான் மனசு கேட்காமல் ஓடிவந்தான்.

அங்கே ஸ்கேன் மெஷின் வந்து அதிக நாளாகவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு. மூளைக்குள் கசிந்து உறைந்த ரத்தம். பேச்சு இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றார்.

தம்பிக்கு எதையும் அறுத்து எறிந்துவிட்டால் நிம்மதி. ஆபரேஷன் செய்து எடுத்துவிடுங்கள் என்று அவன் கேட்க, டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஆழத்துல இருக்குதும்மா. எடுக்கப் போனா, போற வழியில நல்லா இருக்கிற மூளையும் அடிபடும். விட்டுவச்சா, பிரஷரைக் கட்டுக்குள்ள வச்சுக்கிட்டா, தானா கரையலாம். நெனவு தெளிவா இருக்கிற வரைக்கும் காத்திருக்கலாம். மயக்கம் கூடுச்சுன்னா தொறந்துதான் ஆகணும்."

எது சரி என்று கேட்டேன். பெரிய டாக்டர்களே இதில் இரண்டு கட்சி என்றார். அந்த மனிதர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.  ஆனால் என் கணவருடைய உயிரும் பேச்சும் இப்போது ஒரே ஒரு விஷயத்தில் தொங்கின: கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறாரா, இல்லையா.

முதல் நாள் பெயரைக் கேட்டால் குழறியாவது சொன்னார். மறுநாள் காலையில் அதுவும் போயிற்று. நர்ஸ் ஊர் எது என்று கேட்டால் வெறித்துப் பார்த்தார். தலை வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, எதைக் கேட்டாலும் "பேடா" என்றார். பேடா, பேடா, அது ஒன்றுதான். என்ன கேட்கிறோம் என்றே தெரியவில்லை, பால்பேடா கேட்கிறார் என்று நர்ஸ் போய்ச் சொல்ல, டாக்டர் வந்து பார்த்தார். மயக்கம் கூடுகிற மாதிரி தெரிகிறது, தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்கிறேன் என்றார். தலைமுடியை மழிக்க வேண்டும், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் நான் செய்த இனிப்பை ஒதுக்கிவிட்டு இப்போது என்ன பேடா? அந்தக் கோபத்தோடேயே, கேட்டதை வாங்கிக் கொடுக்காமல் தியேட்டருக்குள் அனுப்பவும் மனசு வரவில்லை. தம்பியை எதிரிலிருந்த கடைக்கு விரட்டினேன். விழுங்கக் கொடுக்கக் கூடாது, உதட்டில் வேண்டுமானால் தொட்டுவையுங்கள் என்றார் நர்ஸ். ஒரு விள்ளல் எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனேன்.

இடது கையால் என் கையைத் தள்ளிவிட்டு, முகத்தைச் சுளித்து, "பேடா" என்றார்.

என் கை அந்தரத்திலேயே நின்றது. இந்தச் சொல்லை நான் கேட்டிருக்கிறேன். சொம்புத் தண்ணீரைத் திருப்பி அனுப்பிய சொல். வேண்டாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது புழங்கவே இல்லை, அதனால்தான் எனக்கும் உறைக்கவில்லை. மனுஷன் பேடா கேட்கவில்லை. தண்ணீர் வேண்டாம் என்கிறார், ஊசி வேண்டாம் என்கிறார், கடைசியில் பேடாவையும் வேண்டாம் என்கிறார்.

ஓடிப்போய் டாக்டரைக் கையோடு கூட்டிவந்தேன். அவருக்குக் கன்னடம் தெரியாது. எனக்கும் தெரியாதுதான். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு கேள்வி, அதுவும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கட்டிலருகே குனிந்து, என்னையே தொட்டுக் காட்டி அதைக் கேட்டேன்.

"யாரிவளு?"

அவர் கண் என் முகத்தில் வந்து நின்றது. உதடு ஒரு பக்கமாகக் கோணி, மெதுவாகத் திறந்தது.

"நன் ஹெண்டதி."

என்ன சொல்கிறார் என்று கேட்டார் டாக்டர். அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் தெரிந்தது. "என் பொண்டாட்டின்னு சொல்றாருங்க" என்றேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் விரலைக் காட்ட, அவர் ஒந்து, எரடு, மூரு என்று குழறிக் குழறித் தப்பில்லாமல் எண்ணினார். மயக்கம் கூடவில்லை, தமிழ்தான் போயிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். தியேட்டருக்குச் சொல்லியிருந்ததை நிறுத்தினார். தம்பிதான் மீதிப் பேடாவைத் தின்று தீர்த்தான்.

ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஆபரேஷன் செய்திருந்தால் இன்னும் சீக்கிரம் எழுந்திருப்பாரா, எழுந்தே இருக்கமாட்டாரா, எனக்குத் தெரியாது. வலது கை பழைய மாதிரி வரவில்லை, இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழகினார். அவருக்குத் தமிழ் திரும்புவதற்குள் எனக்குக் கன்னடம் ஓரளவு வந்துவிட்டது.

தமிழ் நன்றாகத் திரும்பிய பிறகு, ஏதோ ஒரு சண்டையில், பழக்க தோஷத்தில் மறுபடியும் அந்த வாசலுக்குப் போய்விட்டேன். "அன்னைக்கு உங்கப்பா கேட்டாரே, ஏன் வாயைத் தெறக்கல?" என்று கேட்டேன். இந்த முறை அவர் பேச்சை மாற்றவில்லை.

"அதான் சேலத்துல சொல்லிட்டேனே, டீச்சர்" என்றார்.