வியாழக்கிழமைகளில் காணாமல் போன காசு

தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுகிற அந்த மேஸ்திரிக்கு, கூட வேலை செய்கிறவர்கள் கோணல் பார்க்கும் கருவியின் பெயரையே வைத்திருந்தார்கள்: மூலைமட்டம். டீக்கடையில் உட்கார்ந்தால்கூட, மேசை ஆடுகிறதா என்று ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் டீ சொல்வார். இருபத்திரண்டு வருடமாக அவர் ஒட்டிய குளியலறை எதிலும் தண்ணீர் தேங்கி நின்றதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தரை சமமாக இருக்கிறதா என்று நீர்க்குமிழி காட்டிக்கொடுக்கும் அவருடைய ரசமட்டம் ஏணியிலிருந்து விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. கடை வெகு தூரம். பக்கத்தில் குழாய் மாட்டிக்கொண்டிருந்த பிளம்பர்தான் வழி சொன்னார்.

"எதுக்குண்ணே கடைக்கு ஓடுறீங்க? ஃபோன்லயே ரசமட்டம் இருக்கு. சும்மாவே இறக்கிக்கலாம்."

மேஸ்திரி இறக்கினார். திரையில் 'தொடங்கு' என்று பெரிய பச்சைப் பொத்தான் வந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி. கை முழுக்க சிமெண்ட். மடக்கிய விரலின் முட்டியால் பச்சையை அமுக்கினார். குமிழி என்னவோ வந்தது. ஆனால் ஃபோனின் முதுகில் கேமரா புடைத்துக்கொண்டிருந்ததால், எங்கே வைத்தாலும் அது கோணலாகவே உட்கார்ந்தது. ஒரு சுவர் முடிவதற்குள் வெறுத்துப்போய், மறுநாள் காலையில் புது ரசமட்டம் வாங்கிவிட்டார். ஃபோனில் இருந்ததை அத்தோடு மறந்தும் போனார்.

அதற்கப்புறம்தான் காசு காணாமல் போக ஆரம்பித்தது. புதன்கிழமை ரீசார்ஜ் செய்தால் வியாழன் மதியம் இருக்காது. கொஞ்ச நஞ்சமில்லை, ஒரு நாள் கூலியில் கால்வாசி. முதல் வாரம் தானே அதிகம் பேசிவிட்டதாக நினைத்தார். இரண்டாவது வாரம் ஒரு வீட்டு மாடிப்படியில் வேலை. பாதி வேலையில் டைல்ஸ் ஒட்டுகிற பசை மூட்டை தீர்ந்துபோனது. கடைக்குச் சொல்லலாம் என்று ஃபோனை எடுத்தால், போதிய இருப்பு இல்லை என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. வெயிலில் நடந்துபோய் மூட்டையைத் தோளில் சுமந்து வருவதற்குள், வாளியில் கரைத்து வைத்திருந்தது இறுகிக் கல்லாகிவிட்டது. காண்ட்ராக்டர் அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஃபோன் கம்பெனியின் சேவை எண்ணுக்கு அழைத்தார். ஒன்றை அமுக்கச் சொன்னது, நான்கை அமுக்கச் சொன்னது, மறுபடியும் ஒன்றை அமுக்கச் சொன்னது. பிறகு பாட்டுப் போட்டது. ஒருவழியாக வந்த ஆள், ஃபோனில் இறக்கி வைத்ததையெல்லாம் நீக்கிப் பார்க்கும்படி சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மேஸ்திரி ஒன்று விடாமல் அழித்தார். அந்தக் கோணல் ரசமட்டமும் போனது. அடுத்த வியாழக்கிழமை காசும் போனது.

மறுபடியும் அழைத்தார். இந்த முறை வேறொரு ஆள்.

"நீங்க பயன்படுத்துன சேவைக்குத்தான் சார் பிடிச்சிருக்கு."

"என்ன சேவைங்க?"

"அது என் ஸ்க்ரீன்ல தெரியல சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு ஃபோனை வைத்தார். கோபத்தை யார் மேலாவது இறக்கி வைத்தாக வேண்டும். வீட்டில் அந்த ஃபோனைத் தொடுகிறவர் இன்னும் ஒருவர்தான். பத்தாவது படிக்கும் மகள் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அதில் கணக்குப் பாடம் பார்ப்பாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். பாடத்தைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்றாள்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சு. அப்புறமும் போகுதுன்னா, பேயா வந்து எடுக்குது?"

ரொட்டிக் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்த மனைவி குறுக்கே வந்தாள். பொய் சொல்கிற பிள்ளை இல்லை என்று அவள் சொன்னதும், அப்படியென்றால் பொய் சொல்வது நானா என்று இவர் குரலை உயர்த்தினார். அன்றே ஃபோனுக்கு ஒரு ரகசிய எண் போட்டுப் பூட்டினார். மறுநாள் முதல் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் தோழி வீட்டுக்குப் போய்ப் பாடம் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தாள். வீட்டில் அவரோடு ஒற்றைச் சொல்லில் பேசினாள்.

பூட்டிய ஃபோனிலிருந்தும் அடுத்த வியாழக்கிழமை காசு போனது.

அதைப் பார்த்தபோது மேஸ்திரி ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் மண்டியிட்டுக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மகள் எடுக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிந்துபோனது. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். போனதும் வாய் வரவில்லை. யார் எடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். அப்படியே இன்னும் இரண்டு வியாழக்கிழமைகள் ஓடின. மூன்றாவது வியாழன் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், அவர் ஃபோனை வெறித்துப் பார்ப்பதைக் கவனித்த மனைவி, மகள் காதில் விழும்படியே கேட்டாள்.

"இப்ப யாருங்க எடுக்குறா?"

மறுநாள் அரை நாள் வேலையை விட்டுவிட்டு ஃபோன் கம்பெனி அலுவலகத்துக்கே போனார். டோக்கன் எண் எழுபத்தொன்று. முதல் கவுண்டரில் இருந்தவர் இரண்டாவதுக்கு அனுப்பினார். இரண்டாவதில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். கடைசியில் ஓரத்து மேசையில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் ஊழியர் அவர் எண்ணைத் தட்டிப் பார்த்து, ஒரு காகிதத்தை அச்செடுத்து நீட்டினார். ஏழு பிடித்தங்கள். எல்லாம் வியாழக்கிழமை, எல்லாம் காலை பதினொன்று பத்துக்கு. எதிரே அவர் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியின் பெயர். அந்த நேரத்தில் ஃபோன் எப்போதும் அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கும்.

அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, ஏதாவது அளவு பார்க்கிற செயலி இறக்கினீர்களா என்று ஊழியர் கேட்டார். மேஸ்திரிக்குப் பல் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

"மூணு நாள் இலவசம்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும் சார். அதுக்கப்புறம் வாரா வாரம் எடுத்துக்குவாங்க."

"அதைத்தான் அன்னைக்கே அழிச்சிட்டேனே?"

"செயலியை அழிச்சீங்க. சந்தாவை அழிக்கலையே."

ஊழியர் அவருடைய ஃபோனை வாங்கி, செயலிகளை இறக்கும் கடைக்குள் போய், மூலையில் இருந்த வட்டப் படத்தைத் தொட்டு, 'சந்தாக்கள்' என்ற இடத்தைக் காட்டினார். அங்கே அது குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. நிறுத்து என்று அமுக்கினால் நிச்சயமாகவா என்று கேட்டது. பாதி விலைக்குத் தருகிறேன் என்றது. போகிற காரணத்தைச் சொல்லு என்றது. சேர்த்துக்கொள்ள ஒரு தட்டுத் தட்டினால் போதுமாக இருந்தது. விலகுவதற்கு ஆறு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது. கடைசிப் பிடித்தம் மட்டும் திரும்பக் கிடைக்கலாம், மற்றதை அந்தக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும் என்றார் ஊழியர். அதற்கு ஃபோன் எண் கிடையாது, மின்னஞ்சல் முகவரி மட்டும்தான். பிறகு, இப்படி வெளியார் யாரும் ரீசார்ஜ் காசில் கைவைக்க முடியாதபடி அவருடைய எண்ணுக்கு ஒரு தடையும் போட்டுக்கொடுத்தார்.

"இந்தத் தடையை நான் முதல்ல ஃபோன் பண்ணப்பவே போட்டிருக்கலாமேம்மா?"

"நீங்க கேட்டிருக்க மாட்டீங்க சார்."

இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்பது என்று சொல்ல வந்தவர், பின்னால் எழுபத்திரண்டாம் எண் முட்டிக்கொண்டு நின்றதால் எழுந்து வந்துவிட்டார்.

வழியில் பிளம்பரைப் பார்த்துச் சத்தம் போட வேண்டும் என்றுதான் வண்டியை நிறுத்தினார். பிளம்பர் முதலில் சிரித்தார். பிறகு தன்னுடைய ஃபோனில் சந்தாக்கள் இருக்கும் அதே இடத்தைத் திறந்து பார்த்தார். தொப்பையைக் குறைக்க வழி சொல்லும் செயலி ஒன்று எட்டு மாதமாக அவரிடம் கறந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேஸ்திரிக்குத் திட்டவும் மனம் வரவில்லை.

மகள் வீட்டுக்கு வந்தபோது அவர் காகிதத்தோடு காத்திருந்தார்.

"பாப்பா, நீ எடுக்கல. நானே அமுக்கினதுதான். உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

அவள் காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஃபோனைப் பூட்டுன அடுத்த வாரமே உங்களுக்குத் தெரியும்லப்பா?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதிக்கொடுத்தது மகள்தான். தேதி வாரியாக, தவறில்லாமல் எழுதினாள். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. கடைசிப் பிடித்தம் மட்டும் இருபது நாள் கழித்துத் திரும்பியது. ஆறு வாரக் காசு போனது போனதுதான்.

ஃபோனைத் திறக்கும் எண்ணை மகளிடம் சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டாள். ஆனாலும் சாயங்காலங்களில் தோழி வீட்டுக்கே போனாள். அங்கே பழகிவிட்டது என்றாள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் மேஸ்திரி அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். உள்ளே இரண்டு பெண்களும் ஒரே நோட்டில் குனிந்திருந்தார்கள். மகள் அவரைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு கணக்கு இருக்குப்பா. உள்ள வந்து உக்காருங்க."

கால்சட்டையில் ஒட்டியிருந்த சிமெண்டை வாசலிலேயே தட்டிவிட்டு, அவர் கதவோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.